ஒரு சாண் திறந்த கதவு

குளிர்பதனக் கிடங்கின் மூன்றாம் அறைக் கதவு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மூட மறுத்தது. மறுநாள் விடிவதற்குள் ஊரில் பாதிக்குப் பாதி கதவுகள் அதோடு சேர்ந்துகொண்டன. அந்த வாரம் உருளைக்கிழங்கு விலை சற்று இறங்கியிருந்தது, ஆற்றுப் பாலத்தில் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது, மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. மூன்றாம் அறைக் கதவு நான்கு விரல் கனம், வெளியே இரும்புத் தகடு, விளிம்பெல்லாம் ரப்பர். அவ்வளவு கனமாக இருந்தும் கீல்கள் நேர்த்தியானவை என்பதால் ஒரு விரலால் தள்ளினாலே போய் ஒட்டிக்கொள்ளும். அன்று மேலாளர் வழக்கம்போல் தள்ளினார். ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது கதவு நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். சுமை தூக்குகிறவர்களைக் கூப்பிட்டார். அவர்கள் தம் கட்டித் தள்ளினார்கள், கீலுக்கு எண்ணெய் விட்டார்கள், குனிந்து பார்த்து ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று தேடினார்கள். ஒன்றும் சிக்கவில்லை. அந்த ஒரு சாண் இடைவெளி வழியாக வெள்ளைக் குளிர்ப்புகை தரையோடு தரையாக வெளியே ஊர்ந்து வந்தது. உள்ளே ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவே எடைக்காரி நின்றுகொண்டிருந்தாள். கதவுக்கும் அவளுக்கும் பத்தடி தூரம், இரண்டு கையும் கம்பளிக் கோட்டுப் பைக்குள். அவளை வெளியே வரச் சொன்னார்கள். அவள் வந்ததும் கதவு தானாகவே போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி உள்ளே போகச் சொன்னார்கள். மறுபடி ஒரு சாண்.

நிறுத்துச் சீட்டுப் போடுவது அவள் வேலை என்பதால் எல்லோரும் அவளை எடைக்காரி என்றுதான் சொன்னார்கள். தாய் தகப்பன் இல்லை. அக்கா வீட்டில் முன்னறை அவளுடையது. அக்காவின் புருஷன், அவள் அத்தான் என்று கூப்பிடுகிறவர், அதே கிடங்கில் லாரி ஓட்டினார். இரண்டு பேருக்கும் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் மேலாளர். மேலாளரைப் பற்றி ஊரில் ஒரே அபிப்பிராயம்தான் இருந்தது: தங்கமான மனுஷர், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்கிக் கொடுத்தவர், வேலைக்கு வரும் பெண்களை 'அம்மா' போடாமல் கூப்பிடாதவர். திங்கட்கிழமை மத்தியானம் அவர் எடைக்காரியிடம் மூன்றாம் அறையில் ஒரு அடுக்கின் எடை தப்பாக இருக்கிறது, வந்து பாரம்மா என்றார். அவள் உள்ளே போனதும் கதவைத் தள்ளினார். அன்று அது ஒட்டிக்கொண்டது. உள்ளே நடந்ததை அவள் பிற்பாடு காவல் நிலையத்தில் சொன்னாள், மருத்துவமனையில் சொன்னாள், நீதிமன்றத்தில் சொன்னாள், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சொன்னாள், ஆகவே இங்கே இவ்வளவு போதும்: அவர் அவளைப் பலாத்காரம் செய்தார், குளிரில் அவருடைய மூக்குக்கண்ணாடி பனி படிந்து வெளுத்துவிட்டது, அதை அவர் நடுவில் ஒருமுறை கழற்றி நிதானமாகத் துடைத்துக்கொண்டார். அறைக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கென்று சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அவள் எட்டி அதை அழுத்தினாள். வெளியே லாரிகளில் சரக்கு ஏற்றும் மேடையில் மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது. யாரும் வரவில்லை.

சாயங்காலம் அக்காவிடம் மட்டும் சொன்னாள். அக்கா பாத்திரம் தேய்த்த கையோடு அப்படியே நின்றாள். கைக்குழந்தை உள்ளே அழுதது, அது கூட அவள் காதில் விழவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்றாள் கடைசியில். "அவர் ஒரு வார்த்தை சொன்னா உங்க அத்தானுக்கு வேலை போயிடும். உனக்கும் போயிடும். நாளைக்கு உனக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வர வேண்டாமா?"

சொல்லிவிட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். தங்கை குளித்து முடிக்கும்வரை குளியலறைக்கு வெளியே ஈரத்தரையில் உட்கார்ந்தே இருந்தாள். பாசமில்லாதவள் என்று அவளை யாரும் சொல்ல முடியாது. மறுநாள் எடைக்காரி வேலைக்குப் போனாள், போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள் என்பதற்காக. "அந்த அடுக்கு இன்னும் சரியாகலம்மா" என்று மேலாளர் மூன்றாம் அறையைக் கைகாட்டினார். கால்கள் தன்னுடையவை அல்ல என்பதுபோல உள்ளே போனாள். பிறகுதான் கதவு நின்றது. அந்த ஒரு சாண் இடைவெளியில் அவளுக்குத் தெரிந்தது மேலாளரின் முகம். முந்தின நாள் முழுக்க அந்த முகத்தில் இல்லாத ஒன்று இப்போது இருந்தது. அவர் பயந்துபோயிருந்தார். அதைப் பார்த்த பிறகு அவளுக்குக் கால் தரையில் ஊன்றியது. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல், நேராகக் காவல் நிலையத்துக்கு நடந்தாள்.

காவல் ஆய்வாளருக்கு இந்த மாதிரிப் புகார்களில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணை உட்காரச் சொல்வார், கதவைச் சாத்துவார், குரலைத் தாழ்த்துவார், அரை மணி நேரத்தில் அந்தப் பெண் தன் பெயரையே சந்தேகப்பட்டுக்கொண்டு வெளியே வருவாள். அன்றைக்கு அவருடைய அறைக் கதவு ஒரு சாணில் நின்றுவிட்டது. தூக்கிப் பார்த்தார், உதைத்துப் பார்த்தார். வெளியே பெஞ்சில் சைக்கிள் தொலைத்தவர் ஒருவர், டீ கொண்டுவந்தவர், வாடகைத் தகராறுக்கு வந்த ஒரு குடும்பம், எல்லோரும் அந்த இடைவெளியில் கண்ணை வைத்திருந்தார்கள். அவ்வளவு பேர் காதில் விழும்படி சொல்லக்கூடிய வார்த்தை எதுவும் அவரிடம் இல்லை. வேறு வழியில்லாமல் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார். அங்கிருந்து அவளை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு நர்ஸ், "கதவ மூடிக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள், இவள் தலையசைத்தாள், கதவு மூடிக்கொண்டது. அந்த நர்ஸ் எப்போதும் எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பாள், ஆகவே இதில் வெளியே சொல்ல ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் ஊருக்கு ஒரு வருடக் குழப்பம் இல்லாமல் போயிருக்கும்.

புதன்கிழமை ஊர் கண்விழித்தபோது படுக்கையறைக் கதவுகள் ஒரு சாண் திறந்திருந்தன. ட்யூஷன் வாத்தியாரின் மாடி அறை மூடவில்லை. பல் டாக்டரின் அறை மூடவில்லை. நகராட்சித் தலைவரின் தனியறை, துணிக்கடையின் லிப்ட், பெரிய பங்களாக்களின் சமையலறைகள், மாமனாரும் மருமகளும் மட்டும் பகலில் இருக்கிற ஒரு வீட்டின் வாசல்கதவு, எதுவும் மூடவில்லை. மரக்கதவு, இரும்பு, கண்ணாடி என்ற பேதம் இல்லை. தச்சருக்கு அவர் வாழ்நாளில் கண்டிராத வேலை வந்தது. சீவினார், சீவினார், சில கதவுகள் பலகை போய்த் தகடாகும்வரை சீவினார். மரத்தில் கோளாறு இல்லை என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. வீட்டுக்காரம்மா கடைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துத் தள்ளினால் கதவு வெண்ணெய் மாதிரி மூடியது. அந்த அம்மா திரும்பி வந்து, பின்னாலேயே வீட்டுக்காரரும் வந்தால் நின்றது. பெண்கள் மட்டும் உள்ளே இருந்தால் மூடியது. தச்சர் இதையெல்லாம் கவனித்தார், ஆனால் கண்டதையெல்லாம் வெளியே சொல்லும் ஆள் அல்ல அவர். அதுவும் தவிர, அவருடைய சொந்த வீட்டிலேயே ஒரு கதவு மூடவில்லை.

ஊர் முதலில் பாலத்து வேலையைச் சந்தேகப்பட்டது, அந்த அதிர்ச்சியில் வீடுகள் எல்லாம் கோணிவிட்டன என்று. பிறகு காற்றின் ஈரத்தை. பிறகு கள்ளத்தனமாக மட்டமான கீல் விற்ற இரும்புக் கடைக்காரரை. அதற்கப்புறம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது, கதவுகள் கெட்டது எடைக்காரி போலீசுக்குப் போன நாளில்தானே. சந்தேகம் அவள் மேல் வந்து உட்கார்ந்தது, சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி. மூணாம் ரூமுக்கு அவ எதுக்குப் போனா என்றார்கள். அப்படி ஒண்ணு நடந்திருந்தா மறுநாளே ஜம்முனு வேலைக்கு வருவாளா என்றார்கள். நெருப்பில்லாம புகையுமா என்று ஒருவர் சொன்னார், அதை எந்தப் பக்கத்துக்குச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. மேலாளர் கைதாகி, ஜாமீனில் வந்து, அவள் பல நாளாகவே எடையில் தில்லுமுல்லு செய்துவந்ததாகவும், அதைக் கண்டுபிடித்ததால்தான் தன்மேல் சேற்றை வாரி இறைக்கிறாள் என்றும் வருத்தமான குரலில் சொன்னார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். கதவையே மூட முடியாத ஊரில் வாயை யார் மூடுவது.

அதே சமயம் ஒவ்வொருவரும் மற்றவர் வீட்டைக் கவனிக்கத் தொடங்கியிருந்தார்கள். சாயங்கால நடைக்குப் போகிறவர்கள் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார்கள். யார் வீட்டில் எத்தனை கதவு திறந்திருக்கிறது, நேற்று மூடியிருந்தது இன்றைக்கு ஏன் மூடவில்லை, அந்த வீட்டுக்கு யார் வந்துபோனது என்று கடைக்கண்ணால் பார்த்து மனசுக்குள் போட்டுக்கொண்டார்கள். திரைச்சீலை வியாபாரி மாடி கட்டினார். புதுத் திரை தொங்கும் வீட்டைப் பார்த்து, மறைக்க என்ன இருக்கிறதோ என்றார்கள். திரை இல்லாத வீட்டைப் பார்த்து, வெட்கம் கெட்டவர்கள் என்றார்கள். அண்ணன் தம்பிகள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது குறைந்தது. ட்யூஷன் வாத்தியாரிடம் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள், காரணம் எதுவும் சொல்லாமல், தாங்களும் கூடவே போய் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். கிடங்கில் நிலைமை இன்னும் மோசம். முதலாளியின் உத்தரவுப்படி மேலாளர் திரும்பவும் வேலைக்கு வந்துவிட்டதால், பெட்டி அடுக்கும் பெண்கள் உள்ளே போனாலே எந்த அறையும் மூடவில்லை. ஆப்பிள் அழுகி, அந்தப் புளித்த வாசனை தெருமுனை வரை வந்தது.

நகராட்சித் தலைவர், ஊர்ப் பேர் கெட்டுவிடும் என்று யோசித்து, தலைநகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குற்றவியல் பேராசிரியையை வரவழைத்தார். ஜலதோஷத்தோடும் ஒரு தோள்பையோடும் பேருந்தில் வந்து இறங்கினார் அந்த அம்மாள். நகராட்சி மண்டபத்தில் பேசினார். மண்டபக் கதவும் மூடாததால் வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. இந்தக் குற்றத்தை ஏன் செய்கிறார்கள் என்பதற்கு ஒரே காரணம் கிடையாது என்று ஆரம்பித்தார். சிலருக்கு மனசிலேயே கோளாறு இருக்கிறது, ஆனால் அப்படிப்பட்டவர்கள் ரொம்பக் கொஞ்சம் என்றார். பார்த்துப் பழகிச் செய்கிறவர்கள் உண்டு, அப்பன் செய்ததை, கூட்டாளி செய்ததை, திரையில் கண்டதை. குடி ஒரு சாக்கு என்றார், காரணம் அல்ல. செய்யத் துணிந்தவன், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெண், காவலுக்கு ஆளில்லாத இடம், மூன்றும் சேர்ந்தால் நடக்கிறது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள் என்றார். பெரும்பாலும் செய்கிறவன் தெரிந்த ஆள்தான், உறவுக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், மேலதிகாரி, புருஷன் என்றார்; அவன் ஆசையை அடக்க முடியாமல் செய்வதில்லை, தன்னை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்து செய்கிறான் என்றார். இந்தக் கடைசிப் பகுதி வந்தபோது தலைவர் பலமாக இருமினார்.

"அப்போ காவலுக்கு ஆள் போட்டா சரியாயிடும்ங்கறீங்க" என்றார் தலைவர். "கிடங்குக்கு ஒரு வாட்ச்மேன் போட்டுடலாம்."

"அன்னிக்குச் சரக்கு மேடைல ஆள் இல்லைன்னு யார் சொன்னது?" என்றார் பேராசிரியை, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மணி அடிச்சேன்னு அந்தப் பொண்ணு சொல்றா. அத்தனை பேர் இருந்தும் ஒருத்தரும் வரல. நீங்க போடற வாட்ச்மேன் மட்டும் வருவாரா?"

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த லாரிக்காரர், எடைக்காரியின் அத்தான், எழுந்து வெளியே போனார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா அவர் போவதைப் பார்த்தாள். டீ வந்துவிட்டது என்று தலைவர் அறிவித்தார்.

மறுநாள் பேராசிரியை எடைக்காரியைப் பார்க்க வந்தார். முன்னறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். எடைக்காரி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவ்வளவு பேர் வேலை பாக்கற இடத்துல, ஏன் என்னை?" பேராசிரியை சுற்றி வளைக்கவில்லை. "உங்ககிட்ட எந்தக் காரணமும் இல்லம்மா. நீங்க போய்ச் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க, உங்க வீட்டுலயே சொல்லவிடமாட்டாங்கன்னு அவர் கணக்குப் போட்டார். அவ்வளவுதான்." அடுப்படியில் இருந்த அக்காவின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. கதவுகளைப் பற்றிக் கேட்டதற்கு, தன் படிப்பில் அதற்கு இடமில்லை என்று பேராசிரியை ஒத்துக்கொண்டார். ஊருக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றார். ஜலதோஷம் அதிகமாகி பேருந்து ஏறினார்.

ஊர் அவர் சொன்ன காரணங்களை, கடையில் துணி எடுப்பதுபோல, ஒவ்வொன்றாக எடுத்து உடம்பில் வைத்துப் பார்த்தது. மனக்கோளாறு என்பது எல்லோருக்கும் பிடித்திருந்தது. பேருந்து நிலையத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டு படுத்துக் கிடந்த ஒருவனை அடித்துப் பக்கத்து ஊர் எல்லையில் விட்டுவிட்டு வந்தார்கள். கதவுகள் அப்படியே இருந்தன. தியேட்டரை ஒரு மாதம் பூட்டினார்கள். கதவுகள் அப்படியே இருந்தன. மதுக்கடையை மூடினார்கள், ஆண்கள் பாட்டிலை வீட்டுக்கே கொண்டுவந்தார்கள், சில வீடுகளில் அதுவரை மூடிய கதவும் திறந்துகொண்டது. தெருவெல்லாம் பட்டப்பகல் மாதிரி விளக்குப் போட்டு, பெண்கள் பொழுது சாய்வதற்கு முன்னால் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அந்த மாதத்தில் ஒரு சாணாக இருந்த இடைவெளி பல வீடுகளில் இரண்டு சாணாயிற்று. பேராசிரியை சொன்ன கடைசிக் காரணத்தை மட்டும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அது யாருக்கும் அளவாக இருக்காது என்று தூரத்திலிருந்தே முடிவு செய்துவிட்டார்கள்.

அக்கா வீட்டுப் படுக்கையறைக் கதவு மண்டபக் கூட்டம் நடந்த நாள்வரை மூடிக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்குக் கூட்டம் முடிந்து வந்ததும் அவள் புருஷனிடம் கேட்டாள், "மணி அடிச்சது உங்க காதுல விழுந்துச்சா?" "எனக்கெப்படித் தெரியும்? நான் லாரிக்குள்ள இருந்தேன்" என்றார். அவர் கதவைச் சாத்தப் போனார், அது நின்றுவிட்டது. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து கீலுக்கு விட்டார், கீழே துணி வைத்துத் தூக்கினார், வியர்த்து வழிந்தது. அவள் கட்டிலில் குழந்தையோடு உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் மாதக்கணக்கில் அந்த வீட்டில் சோறு நேரத்துக்கு வந்தது, துணி மடித்து வைக்கப்பட்டது, யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை; அவர் மட்டும் போகும்போதும் வரும்போதும் கதவை ஒருமுறை தொட்டுப் பார்ப்பார்.

வழக்கு ஒரு வருடம் கழித்து விசாரணைக்கு வந்தது. நீதிபதி ஓய்வு பெறும் வயதுக்காரர், மூட்டுவலிக்காரர், ஊரில் யாருக்கும் சொந்தமில்லாதவர். இந்த மாதிரி வழக்கில் பெண் சாட்சி சொல்லும்போது வெளியாட்கள் இருக்கக்கூடாது என்பது சட்டம் என்பதால், கூட்டத்தை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார். நீதிமன்றத்தின் பெரிய தேக்குக் கதவு ஒரு சாணில் நின்றது. நீதிமன்றச் சிப்பந்திகள் இரண்டு பேர் தள்ளினார்கள், பிறகு நான்கு பேர். மேலாளரின் வக்கீல் இதெல்லாம் கண்கட்டு வித்தை என்று ஆட்சேபித்தார். நீதிபதி கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தார், பிறகு கூண்டில் நின்றவளைப் பார்த்தார். அவர் கேட்டது சட்டப்புத்தகத்தில் இருக்கிற கேள்வி அல்ல. மூட்டுவலியில் எரிச்சலாகி, வேறு யாரைக் கேட்பது என்று தெரியாமல் கேட்டதுதான்.

"ஏம்மா, கதவை மூடலாமா?"

அவள் யோசித்தாள். இந்த ஒரு வருடத்தில் அவளிடம் எவ்வளவோ பேர் எவ்வளவோ கேட்டிருந்தார்கள்.

"அவர் இங்க இருக்கும்போது வேண்டாங்கய்யா."

நீதிபதி மேலாளரைப் பக்கத்து அறைக்கு அனுப்பி, நடுவிலுள்ள ஜன்னலுக்குத் தடுப்பு வைத்து, கேட்க மட்டும் வழி செய்தார். "இப்போ?" "இப்போ மூடுங்க" என்றாள். யாரும் தொடவில்லை. கதவு நகர்ந்து போய், பூட்டு நாக்கு உள்ளே விழும் சத்தத்தோடு, மூடிக்கொண்டது.

வெளியே வராந்தாவில் ஊரே நின்றுகொண்டிருந்தது. அந்த ஒரு சாண் வழியாகக் கேள்வியும் கேட்டது, பதிலும் கேட்டது, பிறகு கதவு மூடிய சத்தமும் கேட்டது. புரிந்துகொள்ள அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அங்கே நின்ற ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கதவை நினைத்துக்கொண்டார்கள், பிறகு பக்கத்தில் நிற்பவர் வீட்டுக் கதவை நினைத்துக்கொண்டார்கள். இத்தனை நாள் சாயங்கால நடையில் எண்ணிவைத்ததெல்லாம் என்னவென்று இப்போது தெரிந்துபோயிற்று. ட்யூஷன் வாத்தியார் வராந்தாவிலிருந்தே ரயில் நிலையத்துக்குப் போய்விட்டார். அவருடைய சாமான்களை யாரும் அனுப்பிவைக்கவில்லை. மருமகளோடு பகலில் தனியாக இருக்கிற அந்த மாமனாரைப் பார்த்து அவர் மகன், "அப்பா, நீங்க தம்பி வீட்டுக்குப் போயிடுங்க" என்றான், வேறு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சிலர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டார்கள். சில வீடுகளில் அன்றைக்கே மூடியது. கெஞ்சிக் கேட்டும் மூடாத வீடுகள் இருந்தன. மிரட்டிக் கேட்டு, அவள் பயந்துபோய் "ம்" என்று சொன்ன வீடுகளில், கதவு இன்னும் அகலமாகத் திறந்துகொண்டது. கோபத்தில் கதவைக் கழற்றி அடுப்பில் வைத்தவர்களும் உண்டு. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் நடப்பது தெருவுக்கே தெரிந்ததால், அதுவும் ஒரு விதத்தில் நல்லதுக்குத்தான் ஆயிற்று.

அக்கா அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் புருஷன் முன்னால் நின்றாள்.

"உங்ககூட ஒரே ரூம்ல இருக்க எனக்குப் பயமா இருக்கு. அடிப்பீங்கன்னு இல்ல. நீங்க அன்னிக்கு எங்க இருந்தீங்கன்னு எனக்குத் தெரியல. அதான் பயமா இருக்கு."

"நீதானே அவளைச் சொல்ல வேண்டாம்னு சொன்ன" என்றார் அவர்.

"சொன்னேன். அதுக்கு நான் அவ கால்ல விழுந்துட்டேன். நீங்க எங்க இருந்தீங்க?"

மூன்றாம் நாள் நீதிமன்றத்தில், சாட்சிப் பட்டியலில் பேரில்லாத அவர், பின்வரிசையிலிருந்து எழுந்து நின்று, சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்றார். மேலாளர் தரப்பு வாதமே அந்த மணி அடிக்கவில்லை, அடித்ததாக ஒருத்தரும் சொல்லவில்லை என்பதில்தான் நின்றுகொண்டிருந்தது. "மேடைல நாங்க அஞ்சு பேர் டீ குடிச்சிட்டிருந்தோம்" என்றார் லாரிக்காரர். "மணி அடிச்சுது. ரொம்ப நேரம் அடிச்சுது. மேலாளர் உள்ளதான் இருக்கார், அவர் பார்த்துப்பார்னு ஒருத்தர் சொன்னார். சரின்னு நான் டீயைக் குடிச்சு முடிச்சேன்." உள்ளே வேறு யார் இருந்தார்கள் என்று தெரியுமா என்று நீதிபதி கேட்டார். "தெரியும். என் மச்சினி உள்ள போனதைப் பார்த்தேன்" என்றார். சொல்லிவிட்டுக் கூண்டிலேயே கொஞ்ச நேரம் நின்றார். இறங்கச் சொல்லியும் வழி தெரியாதவர்போல நின்றார், சிப்பந்தி ஒருவர் கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டியிருந்தது. அதன் பிறகு மற்ற நாலு பேரில் இரண்டு பேர் வந்து அதையே சொன்னார்கள். மற்ற இரண்டு பேர் கடைசிவரை வரவில்லை. அவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியும்.

மேலாளருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு செய்தார், அதிலும் தோற்றார். அவர் வாங்கிக் கொடுத்த பெஞ்சுகளை என்ன செய்வது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டு, முடிவெடுக்காமல் கலைந்தார்கள். பிள்ளைகள் இன்னும் அவற்றில்தான் உட்காருகிறார்கள். முதலாளி லாரிக்காரரை வேலையை விட்டு நிறுத்தினார், அவர் செங்கல் சூளைக்கு வண்டி ஓட்டப் போனார். எடைக்காரி கிடங்குக்குத் திரும்பவில்லை. பாலத்துக்குப் பக்கத்தில், லாரிகளை அப்படியே ஏற்றி நிறுத்தும் பெரிய எடைமேடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. வெயில் கொளுத்தும் இடம், அதுதான் பிடித்திருக்கிறது என்றாள். தனியாக ஒரு வீடு பார்த்துக்கொண்டாள். அக்கா காலில் விழுந்த வாரமே அவளோடு மனசு விட்டுப் பேசிவிட்டாள். அத்தானோடு பேச வருடங்கள் ஆயின. ஒரு நாள் பீரோவை நகர்த்த ஆள் வேண்டியிருந்தபோது, "அத்தான், கொஞ்சம் வந்து பிடிங்க" என்று சொல்லி அனுப்பினாள். அவர் வந்து பிடித்தார். அக்கா வீட்டுப் படுக்கையறைக் கதவு அதற்கும் அப்புறம், ஒரு மழைக்காலத்தில், சாரல் உள்ளே அடிக்கிறதே என்று அவர் கேட்க, அவள் வேறு ஏதோ நினைப்பில் "ம், சாத்துங்க" என்று சொல்ல, மூடிக்கொண்டது. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்னாலேயே ஊருக்கு எல்லாம் பழகிப்போயிருந்தது. டாக்டர்கள் கேட்டார்கள், வாத்தியார்கள் கேட்டார்கள், லிப்டில் ஏறுகிறவர்கள் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் உள்ளே நிற்பவரைப் பார்த்துக் கேட்டார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் கேட்டுக்கொண்டார்கள், சிரித்துக்கொண்டே. காவல் ஆய்வாளர்கள் மாற்றலாகி வந்ததும் முதல் வாரம் கதவை உதைத்தார்கள், இரண்டாம் வாரம் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். குற்றம் ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கதவில்லாத இடங்களும் உலகத்தில் உண்டு. சந்தேகமும் போய்விடவில்லை. சாயங்கால நடைக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் மெதுவாகத்தான் நடக்கிறார்கள், இப்போது ஒரு சாண் திறந்திருக்கும் வீட்டைக் கண்டால் நின்று, "என்னம்மா, ஏதாவது வேணுமா?" என்று குரல் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பேராசிரியை ஒருமுறை திரும்ப வந்து ஒரு வாரம் தங்கி எல்லோரிடமும் பேசிவிட்டுப் போனார். அவர் எழுதிய கட்டுரையில் ஊரின் பெயரும் இல்லை, கதவுகளும் இல்லை. போட்டால் மற்றதையும் நம்பமாட்டார்கள் என்றாராம்.

அக்காவின் மகள் வளர்ந்து, மேல்படிப்புக்காகத் தூரத்து நகரத்தில் ஒரு விடுதியில் சேர்ந்தாள். சேர்ந்த மறுநாள் அம்மாவைப் போனில் கூப்பிட்டாள். சாப்பாடு சுமார், கட்டில் குட்டை, கூட இருக்கும் பெண் நல்லவள் என்றெல்லாம் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மா, இங்க கதவெல்லாம் சும்மாவே மூடிக்குதும்மா."

"சும்மாவேன்னா?"

"யார் தள்ளினாலும் மூடிக்குது. இன்னிக்கு ஆபீஸ் ரூம்ல ஒருத்தர் நான் உள்ள இருக்கும்போதே சாத்தினார். என்னை ஒரு வார்த்தை கேக்கல. கதவும் அது பாட்டுக்கு மூடிக்கிச்சு. நான் மூடக்கூடாதுன்னுதாம்மா நினைச்சேன்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி கேட்டாள்.

"நீ என்ன பண்ணின?"

"எழுந்து போய்த் திறந்து வச்சிட்டு வந்து உக்காந்தேன். அவர் ஒரு மாதிரி பாத்தார்."

"பாத்தா பாக்கட்டும்" என்றாள் அக்கா. "ஜாக்கிரதையா இரும்மா. என்ன ஊரோ அது."